மின்கழிவு ரோபோ: கையைப் பற்றிப் பேசியது போதும், பிடியைப் பற்றிப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவைப் பிரித்தெடுக்க ரோபோக்கள் வந்துவிட்டன, இனி மனிதர் கை படவே தேவையில்லை என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தோம். எழுதியவரின் நோக்கம் நல்லது. ஆனால் கட்டுரை முழுக்க ரோபோவின் கையையும் அதன் செயற்கை அறிவையும் பற்றியே பேசியது. அந்தக் கை ஒரு பொருளை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இந்தத் தொழிலில் வேலை ஓடுவதும் நிற்பதும் அந்த இடத்தில்தான். ஆறு அச்சு ரோபோ கையை விலை கொடுத்து வாங்கிவிடலாம், கேமராவையும் வாங்கிவிடலாம். ஒரு மூலை நசுங்கி, ஸ்க்ரூவில் துரு ஏறி, ஏற்கெனவே யாரோ திறந்து பாதி ஸ்க்ரூவோடு மூடிய ஒரு லேப்டாப்பை அசையாமல் பிடித்து நிறுத்தும் பிடி மட்டும் எங்கும் விலைக்குக் கிடைப்பதில்லை. அதை ஒவ்வொரு பொருளுக்கும் யோசித்து யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

எதற்காகப் பிரிக்க வேண்டும், மொத்தமாக அரைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். அரிய மண் தனிமங்களின் தேவையில் மின்கழிவு மறுசுழற்சியிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 1 சதவீதம்தான். இதற்கு ஒரு பெரிய காரணம் அரைப்பதே. ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும், நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் கலந்த காந்தம் எளிதில் நொறுங்கும். அரைக்கும் இயந்திரமான ஷ்ரெடருக்குள் போனால் பொடியாகிறது. பொடியானபின்னும் அது காந்தம்தானே, பக்கத்தில் கிடக்கும் இரும்புத் துண்டுகளிலும் இயந்திரத்தின் உட்சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த இரும்போடு உருக்காலைக்குப் போய்க் கசடில் கலந்து தொலைகிறது. டான்டலம் என்ற உலோகம் கொண்ட கெப்பாசிட்டர்களும் அப்படியே: செம்பு உருக்கும் உலையில் டான்டலம் ஆக்சைடாக மாறிக் கசடோடு போய்விடும். பேட்டரியோடு சேர்த்து அரைத்தால் தீ. பழைய எல்சிடி திரைகளின் பின்னால் இருக்கும் மெல்லிய குழல் விளக்கு உடைந்தால் பாதரசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு மின்கழிவு நெறிமுறை, பேட்டரிகள், பாதரசம் உள்ள பாகங்கள், 10 சதுர செ.மீ.க்கு மேற்பட்ட சர்க்யூட் போர்டுகள், 100 சதுர செ.மீ.க்கு மேற்பட்ட எல்சிடி திரைகள் ஆகியவற்றைத் தனியே எடுத்தாக வேண்டும் என்று பட்டியலிட்டிருப்பது இதனால்தான்.

ஆக, பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பது என்பது பூட்டிய வேலையைத் தலைகீழாகச் செய்வது அல்ல. தொழிற்சாலையில் பூட்டும்போது ஒவ்வொரு பாகமும் ஒரே அளவில், ஒரே திசையில், தட்டில் அடுக்கி வருகிறது. திரும்பி வரும்போது அப்படியா வருகிறது? ஒரே மாடல் லேப்டாப் பத்து வந்தால், ஒன்றில் அடிப்பக்க ரப்பர் கால்கள் இல்லை, ஒன்றில் மூடி வளைந்திருக்கிறது, ஒன்றில் பேட்டரி உப்பியிருக்கிறது, ஒன்றில் இரண்டு ஸ்க்ரூவுக்குப் பதில் பசை. ரோபோவின் நிரலில் எழுதிவைத்த ஆயத்தொலைவு எதற்கும் இங்கே மதிப்பில்லை. பிடித்த பிறகுதான் பொருள் எங்கே இருக்கிறது என்பதே உறுதியாகத் தெரியும்.

இதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கும் வேலையில் பிடிக்கு இரண்டு கடமைகள். ஒன்று, கழன்று வரும் பாகத்தை எடுத்துப்போய் உரிய பெட்டியில் போடுவது. மற்றது, கழற்றும்போது எழும் விசைக்கு ஈடுகொடுத்து மீதிப் பொருளை அசையவிடாமல் வைத்திருப்பது. கிரிப்பர், அதாவது ரோபோ கையின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கருவி, பற்றிய ஆய்வுகளிலும் விளம்பரக் காணொளிகளிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகைதான், பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைப்பது. மின்கழிவில் சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. அங்கே வேண்டியது உடும்புப்பிடி.

ஹார்டு டிஸ்க் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினியில் வரும் 3.5 அங்குல வகை: அகலம் 101.6 மி.மீ., நீளம் 147 மி.மீ., தடிமன் 26 மி.மீ. அளவில், எடை 600 கிராமை ஒட்டி இருக்கும். இரண்டு விரல் கிரிப்பரால் இரு பக்கமும் பற்றித் தூக்க எவ்வளவு அழுத்த வேண்டும்? கை விநாடி வர்க்கத்துக்கு 5 மீட்டர் என்ற அளவில் முடுக்கம் கொடுக்கிறது, பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்கிறோம் என்றால், சுத்தமான உலோகத்துக்கும் ரப்பர் பூசாத விரலுக்கும் இடையே உராய்வுக் கெழு (வழுக்காமல் பற்றும் அளவைக் காட்டும் எண்) 0.3 இருக்கும்பட்சத்தில் 30 நியூட்டன் போதும். அதே பக்கத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்த பிசுக்கு இருந்து கெழு 0.1 ஆகக் குறைந்தால் 90 நியூட்டன் வேண்டும். பொருளில் எந்த மாற்றமும் இல்லை, மேலே இருக்கும் அழுக்கு மட்டுமே மூன்று மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. கோணத்திலும் இதே கதை. கெழு 0.3 இருந்தால் விரல் படும் பரப்பு சுமார் 17 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் பிடி நிற்கும். 0.1 ஆனால் 6 டிகிரிக்குள்ளேயே வழுக்கிவிடும். நசுங்கிய மூலையில் 6 டிகிரி சாய்வு என்பது கண்ணுக்கே தெரியாது.

அழுத்தம்தானே, கூட்டிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் அடுத்த தவறு. தூக்கிப் பிடித்த நிலையில் இதன் மேல் மூடியைக் கழற்றப் பார்த்தால் நடப்பது இதுதான். மூடியில் பெரும்பாலும் டி8 அளவு நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூவைத் திருகும் முனையான பிட், தலையிலிருந்து நழுவாமல் இருக்க மேலிருந்து அழுத்த வேண்டும், 40 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்க்கும் முறுக்கு 1 நியூட்டன்-மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் மூலையில் இருக்கும் ஸ்க்ரூ, விரல்கள் பிடித்திருக்கும் அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கிறது. 40 நியூட்டன் அழுத்தம் அந்தத் தூரத்தில் 2.4 நியூட்டன்-மீட்டர் கவிழ்க்கும் திருப்புவிசையாகிறது. ஸ்க்ரூவைத் திருகுவதைவிட அதை அழுத்துவதுதான் பொருளைப் புரட்டுகிறது. விரல்களுக்கிடையே டிஸ்க் ஒரு டிகிரி திரும்பினாலும் பிட் சாய்ந்து தலையை வழித்துவிடும். வழித்த தலையை அதன்பின் எந்தப் பிட்டும் பிடிக்காது.

அதனால் அழுத்தும் வேலைகளை அந்தரத்தில் வைத்துச் செய்யக் கூடாது. அடியில் மூன்று புள்ளிகளில் தாங்கல், நீண்ட பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றழுத்தக் கவ்வி. பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் அதே மூன்று–இரண்டு–ஒன்று முறைதான். அளவு மாறி மாறி வரும் பொருள்களுக்கு, வடிவத்துக்கேற்ப இறங்கி அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் ஊசிப் படுக்கை உதவும். ரோபோ கையின் வேலை பொருளை இந்தத் தாங்கலில் கொண்டுவந்து அமர்த்துவது, பிறகு கழன்றதை எடுப்பது, அவ்வளவே. இரண்டு கடமைகளையும் ஒரே கிரிப்பரின் தலையில் கட்டிய இடங்களில் எல்லாம் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கின்றன.

டிஸ்க்கின் மூடி கழன்ற பிறகு காந்தம். இங்கே ஓர் எளிய விஷயம் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. கிரிப்பரின் விரல் நுனிகள் எஃகாக இருந்தால் காந்தம் விரலைத் தேடி வருகிறது. எடுப்பது சுலபம், விடுவதுதான் நடக்காது. விரல் விரிந்தாலும் காந்தத் தகடு ஒரு விரலில் ஒட்டியபடியே பெட்டிக்கு மேலே தொங்கும். அடுத்த டிஸ்க்கின் மேல் போய் விழும். விரல் நுனியை அலுமினியத்திலோ கடினமான பிளாஸ்டிக்கிலோ செய்ய வேண்டும், விரல் நுனியைப் பூட்டும் ஸ்க்ரூகூட காந்தம் ஒட்டாத உலோகத்தில் இருப்பது நல்லது. மேல் காந்தத் தகடு, ஸ்க்ரூ எல்லாம் போன பின்னும் கீழ்த் தகட்டின் ஈர்ப்பிலேயே உட்கார்ந்திருக்கும். நேராக மேலே இழுத்தால் முழு ஈர்ப்பையும் எதிர்க்க வேண்டும். ஒரு ஓரத்தில் ஆப்பு போன்ற முனையை நுழைத்துச் சாய்த்துத் திறந்தால் சிறு விசையில் வந்துவிடும். மூடியின் ஸ்க்ரூக்களில் ஒன்று பெரும்பாலும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அதைக் கவனிக்காமல் மூடியை நெம்பினால் மூடி வளையும், தாங்கலோடு சேர்ந்து டிஸ்க்கே எழும்பும். சிறிய 2.5 அங்குல வகையில் உள்ளே சுழலும் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், அழுத்தினால் சிதறும்.

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் கப்பை எல்லாரும் விரும்புகிறார்கள், மலிவானது, வேகமானது. 20 மி.மீ. விட்டமுள்ள கப்பில் 60 கிலோபாஸ்கல் வெற்றிடம் கொடுத்தால் கணக்குப்படி 19 நியூட்டன் கிடைக்கும். மேலிருந்து தூக்கும்போது இரண்டு மடங்கு பாதுகாப்பு வைத்தால் 900 கிராமுக்கு மேல் நம்பலாம். அதே கப் நிமிர்ந்த பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் உராய்வையும் நான்கு மடங்கு பாதுகாப்பையும் சேர்த்து 240 கிராம் அளவில்தான் நம்ப முடியும். இது சுத்தமான, துளையில்லாத பரப்புக்கு. சர்க்யூட் போர்டில் துளைகள் இருக்கின்றன. 1 மி.மீ. துளை ஒன்று கப்பின் அடியில் மாட்டினால், அந்த வெற்றிடத்தில் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்று அதன் வழியாக உள்ளே வரும். இரண்டு துளை மாட்டினால் வெற்றிடத்தை உண்டாக்கும் சிறிய எஜெக்டர் திணறிவிடும், வெற்றிடம் 20 கிலோபாஸ்கலுக்கு இறங்கிப் போர்டு பாதி வழியில் விழும். போர்டின் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயம் பூசிய கால்கள் சிலிகான் கப்பைக் குத்திக் கிழிப்பது தனிக் கதை. ஆகவே போர்டை முகத்தில் பிடிக்காதீர்கள், ஓரத்தில் பிடியுங்கள். வழக்கமான போர்டின் தடிமன் 1.6 மி.மீ.தான். விரல் நுனியில் ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி ஓரத்தை அதில் உட்கார வைத்தால் 10 நியூட்டன் அழுத்தமே தாராளம். பாகங்களைப் பதிக்கும் இயந்திரத்தில் தண்டவாளம் போலப் பிடித்து ஓட்டுவதற்காகப் பல போர்டுகளின் இரண்டு எதிரெதிர் ஓரங்களில் 3 முதல் 5 மி.மீ. வரை காலியாக விட்டிருப்பார்கள். பூட்டியவர்கள் விட்டுவைத்த அந்த விளிம்பு பிரிப்பவர்களுக்கும் உதவுகிறது.

மென்மையான விரல்கள், காபித்தூள் நிரப்பிய பலூனில் காற்றை உறிஞ்சினால் அது இறுகிப் பொருளின் வடிவத்தைக் கவ்வும் கிரிப்பர் என்று புதுமைகள் பல உண்டு. பின்னது 2010-இல் வெளியான அருமையான யோசனை. வடிவம் தெரியாத பொருளைத் தூக்க இவை நல்லவை. அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டிய இடத்தில் இவற்றுக்கு வேலையில்லை, உடைந்த தகட்டின் கூர்விளிம்பு பலூனின் தோலுக்கு எமன்.

பிடிக்கும் முன் பார்க்க வேண்டும். மின்கழிவில் மிகுதியாக இருப்பவை மூன்று: பளபளக்கும் அலுமினியம், கண்ணாடி, கறுப்பு பிளாஸ்டிக். ஆழம் அளக்கும் கேமராக்கள் தடுமாறுவதும் இதே மூன்றில்தான். கேமரா வீசும் ஒளி பளபளப்பில் வேறு திசைக்குத் தெறிக்கிறது, கண்ணாடியை ஊடுருவிப் போகிறது, கறுப்பில் உறிஞ்சப்பட்டுத் திரும்புவதே இல்லை. படத்தில் அந்த இடம் ஓட்டையாகவோ, இல்லாத மேடாகவோ தெரியும். பரவலான ஒளியைக் குவிமாடம் போல நாலாபுறமிருந்தும் கொடுப்பது, குறைந்த, அதிக வெளிச்ச அளவில் இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது, பளபளப்பைக் குறைக்கும் துருவ வடிகட்டி போடுவது எல்லாம் ஓரளவு கைகொடுக்கும். எங்கள் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது தொட்டுப் பார்ப்பதுதான். கேமரா காட்டிய இடத்துக்கு 10 மி.மீ. மேலே நிறுத்தி, மணிக்கட்டில் உள்ள விசை உணரி 2, 3 நியூட்டன் காட்டும்வரை மெதுவாக இறக்க வேண்டும். மூன்று இடங்களில் தொட்டால் பரப்பின் சாய்வே கிடைத்துவிடும். இரண்டு விநாடி கூடுதலாகும். வழித்துப்போன ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டும் நேரத்தை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

ஸ்க்ரூவுக்கும் இதே தொடு வித்தைதான். பிட்டை 5 நியூட்டன் அழுத்தத்தில் மெல்லச் சுழலவிட்டு, 0.2, 0.3 மி.மீ. இடைவெளியில் சுருள் பாதையில் நகர்த்தினால் பள்ளத்தில் விழும் கணத்தில் உயரம் சட்டென்று குறையும், முறுக்கு எகிறும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் மாட்டியது என்று பொருள். 3 மி.மீ. விட்டமுள்ள எம்3 ஸ்க்ரூவின் புரியிடை, அதாவது ஒரு சுற்றில் நகரும் தூரம், 0.5 மி.மீ. 8 மி.மீ. நீளம் உள்ளே இருந்தால் 16 சுற்றில் வெளியே வர வேண்டும். 20 சுற்று சுற்றியும் பிட் மேலே எழவில்லை என்றால் தலை வழித்துவிட்டது, அல்லது பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டும் கூடவே சுழல்கிறது. மீண்டும் மீண்டும் முயல்வதில் பயனில்லை. பழுதுபார்ப்பவருக்கு ஸ்க்ரூவைக் காப்பாற்ற வேண்டும், நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இரண்டாவது முயற்சியும் தோற்றால் தலையைத் துளையிட்டு எடுத்துவிட வேண்டியதுதான். கேபிள்களை இணைப்பியிலிருந்து நாசூக்காகக் கழற்ற முயல்வதும் வீண், தொங்கும் கேபிளைப் பிடிப்பது ரோபோவுக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. போர்டில் மின்னூட்டம் இல்லை என்று உறுதியானபின் வெட்டுங்கள். அவிழ்த்த ஸ்க்ரூவை மட்டும் கைவிடக் கூடாது. காந்த பிட்டில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ ஒட்டாமல் போகலாம், அதற்குப் பிட்டைச் சுற்றி உறிஞ்சு குழல் வேண்டும். பேட்டரி முனைகளுக்கு நடுவே விழும் ஒரே ஒரு ஸ்க்ரூ போதும், மொத்த வரிசையையும் நிறுத்த.

இனி பேட்டரி. இதில் அவசரம் கூடவே கூடாது. போன், டேப்லெட், மெல்லிய லேப்டாப்பில் வருவது அலுமினியப் படலப் பைக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி. இரண்டு எஃகு விரலால் அதைத் தடிமன் பக்கமாக அழுத்திப் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நுனி மின்கடத்தாப் பொருளாக, ஓரம் மழுங்கியதாக, அகலமாக இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்தவே கூடாது. அகலமான மென்மையான கப்பால் மேலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒட்டியிருப்பது இழுத்தால் நீளும் பசைப்பட்டை என்றால், உண்மையில் இங்கே ரோபோ மனிதக் கையைவிட நன்றாகச் செய்யும். பட்டையின் நாக்கைப் பிடித்துப் பரப்போடு ஒட்டிய கோணத்தில், ஒரே வேகத்தில், மெதுவாக இழுக்க வேண்டும். கோணம் உயர்ந்தாலோ ஓரத்தில் உரசினாலோ அறுந்துவிடும். இதில் அநேகர் தவறவிடும் ஒன்று: பட்டை நீள நீள மெலிகிறது. விரல்களை ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்திப் பிடித்தால், பட்டை மெலிந்த கணத்தில் பிடி தளர்ந்து நாக்கு வழுக்கிப் போகும். இடைவெளியை நிலையாக வைக்காமல் விசையை நிலையாக வைக்க வேண்டும், சுருள்வில் போட்ட விரல் போதும். இன்னும் நல்லது, பிளவுள்ள ஒரு தண்டில் நாக்கை மாட்டிச் சுருட்டிக்கொண்டே போவது. பட்டை அறுந்துவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஓரத்தில் விட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பலாம், தீப்பற்றும் திரவம் என்பதால் காற்றோட்டமும் தீப்பொறித் தடையும் கட்டாயம். சூடாக்குவதைக் கடைசி வழியாகவே வையுங்கள். எடுத்த பேட்டரியை வெப்பக் கேமராவின் பார்வையில் வைத்து, ஒவ்வொன்றாக மணல் நிரப்பிய பெட்டியில் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்கக் கூடாது.

பவர் சப்ளைகளைத் தொடும் முன்னும் ஒரு படி உண்டு. 230 வோல்ட் இணைப்பில் ஓடிய பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். 220 மைக்ரோஃபாரட் என்றால் 11 ஜூலுக்கு மேல் ஆற்றல். உலோக விரல் அதன் கால்களைத் தொட்டால் பொறி பறக்கும், விரல் நுனி கருகும், உள்ளே இருக்கும் உணரியின் மின்சுற்றும் போகலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை இரு முனைகளிலும் வைத்தால் மூன்று விநாடிக்குள் இறங்கிவிடும். வைத்த பிறகு அளந்தும் பார்க்க வேண்டும்.

செயற்கை அறிவு எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்கிறது தங்கள் கட்டுரை. எங்கே பிடிக்கலாம் என்று கணிக்கும் மாதிரிகள் உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் கண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவாகி 2017-இல் வெளியான டெக்ஸ்-நெட் 2.0, கணினியிலேயே உருவாக்கிய 67 லட்சம் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பயிற்சி பெற்றது. ஆனால் இத்தகைய மாதிரிகள் பொதுவாகப் பயில்வது தனித்தனியாகக் கிடக்கும் பொருள்களைத் தூக்குவதை. ஒன்றோடொன்று பூட்டிய, ஒட்டிய, சிக்கிய பாகங்களை அவை பார்த்ததில்லை. தவிர, கணக்கைப் பாருங்கள். ஒரு லேப்டாப்பைப் பிரிக்க 20 பிடிகள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிடியும் 95 சதவீதம் வெற்றி என்றாலும், ஒரு தவறும் இல்லாமல் முடியும் லேப்டாப்புகள் நூற்றுக்கு 36-தான். 99 சதவீதம் என்றால் 82. ஆய்வறிக்கையில் 95 என்று படிக்கும்போது நன்றாக இருக்கிறது, வரிசையின் கடைசியில் வந்து நின்று பார்த்தால் பாதிக்கு மேல் அரைகுறை.

இதற்கு விடை 95-ஐ 99.9 ஆக்குவது மட்டுமல்ல. தோற்றது தெரிந்து, வேறு மாதிரியாக ஒருமுறை மறுபடி முயன்றால், அதே 95 சதவீதப் பிடியில் நூற்றுக்கு 95 லேப்டாப்புகள் முடியும். ‘வேறு மாதிரியாக’ என்பதை அடிக்கோடிடுகிறோம். அதே இடத்தில் அதே விரலால் மறுபடி பிடித்தால் அதே காரணத்தால்தான் தோற்கும். எனவே பணத்தை முதலில் செலவிட வேண்டியது தோல்வியைக் கண்டுபிடிப்பதில். இதற்கு அபூர்வமான கருவி எதுவும் வேண்டாம். டிஸ்க்கைப் பிடித்த விரல்கள் ஒட்டியே மூடிக்கொண்டால் கை காலி. வேக்கம் அளவி திடீரென இறங்கினால் நழுவுகிறது. தூக்கியபின் விசை உணரி 600 கிராமுக்குப் பதில் 900 காட்டினால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்றுமே கிரிப்பரிலும் மணிக்கட்டிலும் உள்ள உணரிகளில் கிடைக்கும் தகவல்கள், பயன்படுத்தாமல் விட்டிருப்பதுதான் நடைமுறை.

கட்டுரையில் சொல்லியிருந்த, ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் பிரிக்கும் ரோபோவான டெய்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மணிக்கு 200 ஐபோன்களைப் பிரிப்பது உண்மை. அதற்கு முன்னோடியான லியாம் 2016-இல் 29 ரோபோக் கூறுகளைக் கொண்டு ஐபோன் 6 என்ற ஒரே மாடலைப் பிரித்தது. 2018-இல் வந்த டெய்சி 9 மாடல்களோடு தொடங்கியது. அது பேட்டரிப் பசையை மைனஸ் 80 டிகிரிக் காற்றால் உறையவைத்துப் பிடிப்பை முறிக்கிறது, ஸ்க்ரூக்களைத் தள்ளி வெளியேற்றுகிறது. பூட்டியதைத் தலைகீழாகச் செய்யாமல் உடைக்க வேண்டிய இடத்தில் உடைப்பது என்ற முடிவுதான் அந்த வேகத்தின் ரகசியம் என்று நாங்கள் கருதுகிறோம். ஆனால் அதற்குள் போவது ஒரே நிறுவனத்தின் போன்கள், அளவும் வரைபடமும் செய்தவர் கையிலேயே இருக்கின்றன. நூறு நிறுவனங்களின் பொருள்கள் கலந்து கொட்டப்படும் ஒரு சாதாரண மறுசுழற்சி ஆலைக்கு அந்த வசதி இல்லை. டெய்சியைக் காட்டி, கலப்புக் கழிவுக்கும் இதுவே வழி என்று சொல்வது சரியாகாது.

ரோபோ வைக்க நினைக்கும் ஆலைகளுக்கு எங்கள் கருத்து இது. முதலில் ஒரே வகைப் பொருளை எடுங்கள், 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் நல்ல தொடக்கம், ஏனென்றால் வெளி அளவு எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். தாங்கலை முதலில் செய்யுங்கள், ரோபோ கையைப் பிறகு வாங்குங்கள். கருவி மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் போகும் என்பதால், ஸ்க்ரூ வேலை எல்லாம் முடித்துவிட்டுக் கிரிப்பருக்கு மாறும்படி வரிசையை அமையுங்கள். உப்பிய பேட்டரி, உடைந்த திரை, எரிந்த போர்டு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே அனுபவமுள்ள ஒரு மனிதர் பார்த்து ஒதுக்கட்டும். அவருடைய வேலையை ரோபோ பறிக்கக் கூடாது, அவரைத் தூசும் நச்சும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் நுனிகளையும் கப்களையும் தேய்மானப் பொருள்களாகக் கணக்கில் வைத்து, எத்தனையாவது பிடியில் மாற்றினோம் என்று குறித்து வாருங்கள். பிடி மெல்ல மெல்லக் கெடுவது அந்தக் குறிப்பில்தான் தெரியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது, வெட்டி ஒட்டாத ஒரு மணி நேரக் காணொளியைக் கேளுங்கள். உள்ளே போனவை எத்தனை, முழுமையாகப் பிரிந்தவை எத்தனை, மனிதர் குறுக்கிட்டது எத்தனை முறை, உள்ளே போனவை ஆலைக்கு வந்தபடியே போனவையா அல்லது பொறுக்கி எடுத்தவையா என்று கேளுங்கள்.

தயாரிப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கப் பேட்டரிகளைப் பயனரே எளிதில் கழற்றும்படி பொருள்களை வடிவமைக்க வேண்டும் என்று சில விலக்குகளோடு 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயப்படுத்துகிறது. பயனர் கையால் எளிதாகக் கழற்ற முடிவதை ரோபோ பிடிப்பதும் எளிது. அதோடு இன்னொன்றும் செய்யலாம்: ஒவ்வொரு பொருளின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களிலும் 10 மி.மீ. அகலத்துக்கு, ஒன்றுக்கொன்று இணையான, பொத்தானோ துளையோ ரப்பரோ இல்லாத சமதளத்தை விட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும்.

இப்படிக்கு,
மின்கழிவுப் பிரிப்பு இயந்திரங்களை வடிவமைக்கும் வாசகர்கள்